எல்லோரும் சிரித்த முதல் பக்கம்

நீங்கள் கடைசியாகப் படித்த நாவலின் பின்னட்டையில் ஒரு முகம் இருந்ததே, அது அந்த நாவலை எழுதியவரின் முகம்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது? சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிறவர் நீங்கள். அச்சடித்த முகத்தை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள். கேட்டால், "போட்டிருக்கே" என்பீர்கள்.

மீரட்டில் எங்கள் தொழிலே உங்களுடைய இந்தப் பழக்கத்தை நம்பித்தான் நடந்தது. கிரண்மாலா பாக்கெட் புக்ஸ் என்ற பதிப்பகத்தில் நான் பிழை திருத்துபவனாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளைத் தொலைக்காட்சி இன்னும் விழுங்காத காலம். வட நாட்டு ரயில் நிலையங்களில் சமோசாவுக்கு அடுத்தபடி அதிகம் விற்றது எங்கள் நாவல்கள்தான். அவற்றிலும் முதலிடம் குமார் நிஷாந்த் எழுதியவைக்கு.

குமார் நிஷாந்த் என்று ஒருவர் கிடையாது. எங்கள் முதலாளி லாலா த்ரிலோக்சந்த், சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்த பெயர் அது. அந்தப் பெயரில் நாலைந்து பேர் எழுதினார்கள். வேலை போன கிராமக் கணக்கர் ஒருவர், ஆயுர்வேதக் கல்லூரியில் தேர்ச்சி பெறாமலே வயதாகிக்கொண்டிருந்த ஒருவர், இப்படி. எழுதியவர் பெயர் எங்கும் வராது. அதுதான் மீரட்டின் வழக்கம், யாரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு நாவலின் தொடக்கத்திலும் 'உங்களோடு நான்' என்று ஒரு பக்கம் வரும். எழுத்தாளர் வாசகர்களோடு விளையாட்டாகப் பேசுவார். தான் யார், எங்கே பிறந்தார், இந்தக் கதை தனக்கு எங்கே கிடைத்தது என்றெல்லாம் சொல்லுவார். நாவலை எழுதியவரே அந்தப் பக்கத்தையும் எழுதித் தர வேண்டும். முந்தைய நாவலில் இன்னொருவர் என்ன எழுதினார் என்று யாரும் பார்ப்பதில்லை. லாலாஜி நாவலின் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் படிப்பார், இடையில் எத்தனை முத்தம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வார். 'உங்களோடு நான்' அவர் கண்ணில் படாமலே அச்சுக்கு வந்துவிடும்.

ஆகவே குமார் நிஷாந்த் சிம்லாவில் பிறந்தார். அடுத்த நாவலில் ஸ்ரீநகரில் படகு வீட்டில் பிறந்தார். அதற்கடுத்து அலகாபாத்தில். விமானம் ஓட்டினார், காதலில் தோற்றார், தாடி வைத்தார். ஒரு நாவலில் தாயைப் பறிகொடுத்து வாசகர்களை அழவைத்தார். மூன்று மாதம் கழித்து வந்த நாவலில் அதே தாய் அவருக்குக் கேரட் அல்வா கிளறிக்கொடுத்தாள். கோரக்பூரிலிருந்து ஒரு வாசகி முதலில் அனுதாபக் கடிதம் போட்டாள். பிறகு அல்வாவுக்குப் பால் எவ்வளவு என்று கேட்டு இன்னொரு கடிதம் போட்டாள். நடுவில் ஒரு சந்தேகம்கூட அந்த அம்மாளுக்கு எட்டிப்பார்க்கவில்லை.

பின்னட்டை முகத்தின் சொந்தக்காரர் முஸ்தகீம் மாஸ்டர். ஜலி கோட்டிப் பகுதியில் ஒரு கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசிப்பவர். எடுப்பான மூக்கு, நரை கலந்த கிருதா. லாலாஜியின் மருமகனுடைய கோட்டைப் போட்டு உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். இந்தி எழுத்தைக் கூட்டிப் படிக்கக்கூட அவருக்கு வராது, உருது மட்டும் தெரியும். "என் மூஞ்சிக்கு எழுதப் படிக்கத் தெரியும்னு நெனைக்கறாங்க, நான் ஏன் கெடுக்கணும்?" என்பார்.

இவர்களோடு வந்து சேர்ந்தவள்தான் விமலேஷ். இது அவள் கதை.

விமலேஷ் மீரட் நீதிமன்ற வளாகத்தில் வேப்பமரத்தடியில் தட்டச்சுப் பொறி வைத்திருந்தாள். அங்கே தட்டச்சு செய்த ஒரே பெண். கல்யாணமான வருடமே கணவனை விட்டுத் திரும்பி வந்தவள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "அவன் குறட்டை விட்டான், நான் அப்பீல் போடல" என்று ஒரே பதில். வாயில் எப்போதும் சோம்பு. கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூலால் கட்டியிருக்கும். மதியம் ஆனால் வேப்பம்பூவும் கார்பன் மையும் கலந்து அவள் கழுத்தில் ஒரு கோடு படியும்.

வக்கீல்களை அவள் மதித்ததே இல்லை. ஒரு முறை ஒரு வக்கீல் நாலு சாட்சிகளின் பிரமாணப் பத்திரங்களைச் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டிருந்தாள். நாலும் ஒன்றுபோலவே இருந்தன. கையை நிறுத்தினாள்.

"வக்கீல் சாப், நாலு பேரும் அன்னிக்கு மொட்டை மாடியிலதான் இருந்தாங்களா?"

"ஆமா. அடி."

"நாலு பேரும் நாலு தெரு. நாலு பேருக்கும் ஒரே நேரத்துல மாடிக்குப் போகத் தோணிச்சா? ஒருத்தனையாவது வாசல்ல பல்லு வெளக்க விடுங்க. கதை நம்பற மாதிரி இருக்கும்."

வக்கீலுக்குக் கோபம் வந்தது. ஆனால் ஒரு சாட்சியை வாசலுக்கு மாற்றிக்கொண்டார். வழக்கும் ஜெயித்தது.

நான் ஒரு வீட்டு வாடகைத் தகராறுக்காக அந்த மரத்தடிக்குப் போனவன். அவள் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க நாவல் எழுதலாமே" என்றேன். "இப்ப மட்டும் என்ன எழுதறேன்?" என்றாள். மீரட்டின் சிறந்த கற்பனைகளெல்லாம் அந்த வளாகத்தில்தான் எழுதப்பட்டன, கீழே கட்டைவிரல் ரேகை வைத்து அரசாங்க முத்திரையும் குத்தி. அவள் பொய் சொல்லவில்லை.

லாலாஜியிடம் அழைத்துப்போனேன். அவள் எழுதிய முதல் நாவலே இரண்டாம் பதிப்புப் போனது. அதற்குப் பிறகு குமார் நிஷாந்தின் பெயரில் வந்து விற்றவை பெரும்பாலும் அவள் எழுதியவை. கதை எங்கே கிடைக்கிறது என்று நான் கேட்டபோது எரிச்சலாகத்தான் சொன்னாள்:

"எங்க கெடைக்கும்? மரத்தடியில வந்து உக்காந்து அழுதுட்டுப் போறாங்க. அழுகையை நான் எடுத்துக்கறேன். மனுவை வக்கீல் எடுத்துக்கறான். அவங்களுக்கு மிஞ்சறது வாய்தா."

அவளுக்கு முனேஷ் என்று ஒரு தங்கை. மவானாவில் செங்கல் சூளை வைத்திருந்த சுக்பீருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஸ்கூட்டர் கேட்டான், கொடுத்தார்கள். பிறகு லாரிக்கு முன்பணம் கேட்டான், கொடுக்க முடியவில்லை. ஒரு நாள் முனேஷ் சமையலறையில் எரிந்து செத்தாள். ஸ்டவ் வெடித்தது என்று போலீஸ் எழுதியது. அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும், அவள் ஸ்டவ்வுக்குக் காற்று அதிகமாக அடித்துவிட்டாள் என்று ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். வழக்கு மூடப்பட்டது.

தங்கையின் துணிமணிகளை வாங்கிவர விமலேஷ் மவானாவுக்குப் போனாள். மாமியார் தேநீர் கொடுத்தாள். அது கொதித்தது ஒரு பித்தளை ஸ்டவ்வில். அந்த ஸ்டவ்வை விமலேஷுக்குத் தெரியும், அவளே சீர்வரிசையில் வாங்கி வைத்தது, அடியில் தங்கையின் பெயரைப் பொறிக்கச் சொல்லியிருந்தாள். குனிந்து பார்த்தாள். பெயர் இருந்தது. ஒரு நெளிவு இல்லை, ஒரு கீறல் இல்லை. வெடித்துச் சிதறியதாக அரசாங்கம் எழுதிவைத்த ஸ்டவ் புஸ்ஸென்று நீல நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது.

போலீஸ் நிலையத்தில் போய்ச் சொன்னாள். "பித்தளை ஸ்டவ் எல்லா வீட்லயும் இருக்கும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். கடவுள் தண்டிப்பார் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த வேலைக்கு அரசாங்கம் தனக்குச் சம்பளம் கொடுப்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

விமலேஷ் அழுது நான் பார்த்ததில்லை. எழுதினாள். முனேஷின் கதையை நாவலாக எழுதிக்கொண்டுபோய் லாலாஜியின் முன்னால் வைத்தாள். நானும் அங்கே இருந்தேன். லாலாஜி முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடேங்கப்பா, பிச்சிட்டே விமலேஷ்! ஆனா சூளைக்காரன் வீடெல்லாம் வேணாம். பங்களா போடு. ஒரு பியானோ வை. பொண்ணு பேரு மாதவி."

"வைக்கறேன் லாலாஜி. எத்தனை பியானோ வேணும்னாலும் வைக்கறேன். இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் என் பேரைப் போடுங்க."

"உன் பேரா? எதுக்கு?"

"இதைச் சொல்றது முனேஷோட அக்கான்னு அந்த வீட்டுக்குத் தெரியணும். பேரு போடாம சொன்னா அது புரளி."

லாலாஜி சிரித்தார். கெட்ட சிரிப்புக்கூட இல்லை, குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"அம்மா, நான் விக்கறது சோப்பு. நிஷாந்த்ங்கறது சோப்போட பேரு. உறையில தொழிலாளி பேரைப் போட்டா எவன் வாங்குவான்? அதுவும் கோர்ட்டு மரத்தடி டைப்பிஸ்ட்டு! வீட்டுப் பொம்பளைங்க தலகாணிக்கு அடியில வெச்சுப் படிக்கற புஸ்தகம். அங்க உன் பேரு இருந்தா அவங்க புருஷன் என்ன நெனைப்பான்?"

"உங்க நிஷாந்த் பேரு இருந்தா ஒண்ணும் நெனைக்க மாட்டானா?"

"அவர் பெரிய எழுத்தாளர்மா" என்றார் லாலாஜி. கண்டுபிடித்தவரே சொன்னார். நம்பியே சொன்னார்.

விமலேஷ் தாள்களை எடுத்துக்கொண்டு போனாள். நாவலைத் திருத்திக்கொடுத்தாள். பங்களா வந்தது, பியானோ வந்தது. லாலாஜி 'நெருப்பு சூடிய மணமகள்' என்று தலைப்புப் போட்டார். வழக்கம்போல 'உங்களோடு நான்' பக்கம் தனியாக வந்தது. அச்சுக்கூடத்தில் மெய்ப்புத் தாளில் அதைப் படித்தேன். இப்படி இருந்தது:

"அன்பான வாசகர்களே! நான் சிம்லாவில் பிறந்தேன், ஸ்ரீநகரில் பிறந்தேன், அலகாபாத்திலும் பிறந்தேன். பிறந்து பிறந்து களைத்துவிட்டதால் இன்று ஒரு முறை உண்மையாகப் பிறக்கிறேன். நான் ஆண் இல்லை. என் பெயர் விமலேஷ். மீரட் நீதிமன்றத்தில் வேப்பமரத்தடியில் தட்டச்சு செய்கிறேன். விமானம் ஓட்டியதில்லை, தாடியும் இல்லை. பின்னட்டையில் இருப்பவர் முஸ்தகீம் மாஸ்டர். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் கிளாரினெட் வாசித்திருப்பார். அப்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கோட்டு இரவல். இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். மவானாவில் செங்கல் சூளை சுக்பீரின் சமையலறையில் கிடைத்தது. என் தங்கை முனேஷ் அங்கே எரிந்தாள். வெடித்ததாகச் சொல்லப்பட்ட ஸ்டவ்வில் போட்ட தேநீரை எனக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். நாவலில் வரும் பியானோ மட்டும் பொய்."

நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. திருத்த அதில் பிழை இல்லை. அச்சுக்கு அனுப்பினேன்.

புத்தகம் கடைகளுக்குப் போன முதல் வாரம், சுக்பீர் வேப்பமரத்தடிக்கு வந்தான். கையில் நாவல், முகத்தில் வெயிலுக்குச் சம்பந்தமில்லாத வேர்வை. பொய்ச் சாட்சி சொன்னபோதெல்லாம் வராத வேர்வை. விமலேஷே எனக்குச் சொன்னாள், அவன் பேசியதைப் பேசிக்காட்டி.

"என்ன அக்கா இது?"

"நாவல். படிப்பீங்களா? மூணாங் கிளாஸ்லயே வாத்தியாரை அடிச்சுட்டு ஓடிட்டீங்கன்னு முனேஷ் சொல்லுவா."

"வெளையாடாதீங்க. என் பேரு இருக்கு இதுல. ஊரு பேரு இருக்கு."

"அப்ப படிக்கத் தெரியுது."

"நான் மறுபடி கல்யாணம் பண்ணிட்டேன். புள்ள பொறந்திருக்கு. என்ன வேணும் உங்களுக்கு, சொல்லுங்க. முனேஷ் நகையெல்லாம் அப்படியே இருக்கு."

"ஸ்டவ்வு?"

அவன் எழுந்து போனானாம்.

அன்று மாலை விமலேஷ் எனக்கும் முஸ்தகீம் மாஸ்டருக்கும் கஜக் இனிப்பு வாங்கித் தந்தாள். அவளை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் கண்டதில்லை. "ஒருத்தன் நம்பிட்டான் பாபு! ஒரே ஒருத்தன். அவன் போதும். அவன் நம்பினா ஊரே நம்பும்."

ஊரைப் பற்றி அவளுக்கு அப்போதும் அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருந்தது. எனக்கும்தான்.

லாலாஜிக்கு விஷயம் தெரிந்தபோது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார். புத்தகக் கட்டுகளைத் திரும்ப வாங்கச் சொல்லிக் கடைகளுக்கு ஆள் அனுப்பினார். ஆள் வெறுங்கையோடு திரும்பி வந்தான். புத்தகம் ஒன்றுகூட மிச்சமில்லை. பின்னாலேயே கடிதங்கள் வந்தன, மூட்டை மூட்டையாக.

"நிஷாந்த்ஜி, என்ன நகைச்சுவை உங்களுக்கு! உங்களையே ஒரு டைப்பிஸ்ட் பொம்பளையாக ஆக்கிக்கொண்டீர்களே!"

"கோட்டு இரவல் என்ற வரியைப் படித்து என் கணவர் பாயில் உருண்டு சிரித்தார்."

"முதலில் சிரிக்க வைத்து, ஸ்டவ் என்று கடைசியில் அழ வைத்தீர்கள். ஒரே பக்கத்தில்! மந்திரவாதி ஐயா நீங்கள்."

கோரக்பூர் அல்வா அம்மாளும் எழுதியிருந்தாள். தன்னை முட்டாளாக்க முடியாது என்றும், நிஷாந்த்ஜி ஆண்தான் என்பது அவருடைய மூக்கிலேயே தெரிகிறது என்றும்.

இதை என்னவென்று சொல்வது? ஒரு மனிதன் மூன்று ஊரில் பிறந்தான் என்றால் நம்பினார்கள். செத்த தாய் எழுந்து வந்து அல்வா கிளறினாள் என்றால் நம்பினார்கள். ஒரு பெண் தன் பெயரையும், ஊரையும், உட்காரும் மரத்தையும் சொல்லி, நான்தான் எழுதினேன் என்றால், அது வேடிக்கை. இந்த நாட்டு மனத்துக்குப் பொய்யை விழுங்கப் பயிற்சி கொடுத்துக்கொடுத்து, உண்மை வந்தால் விக்கல் எடுக்கிறது. கல்லுக்குப் பால் ஊற்றுகிற கையும் இதுதான், சுக்பீருக்காக ஸ்டவ் வெடித்ததென்று கட்டைவிரல் வைத்த கையும் இதுதான். பழக்கம் ஒன்றே.

மவானாவில் நடந்ததுதான் இன்னும் கேவலம். சுக்பீரின் பெயர் நிஷாந்த்ஜியின் புத்தகத்தில் வந்துவிட்டதாம்! டீக்கடையில் அவனை உட்காரவைத்து மலாய் போட்ட தேநீர் வாங்கிக்கொடுத்தார்கள். "நிஷாந்த்ஜிக்கு உன்னை எப்பிடிடா தெரியும்? எங்களையும் ஒரு கதையில போடச் சொல்லேன்" என்று கெஞ்சினார்கள். அவனுக்கு வேர்வை நின்றது. முதலில் நம்பிய அந்த ஒரே ஒருவனும், ஊர் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரிக்கக் கற்றுக்கொண்டான்.

லாலாஜி நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். விமலேஷைக் கூப்பிட்டனுப்பினார். "இனிமே எல்லாப் புஸ்தகத்துலயும் இப்படியே ஒரு பக்கம் போடு. அந்த விமலேஷ்ங்கற பொம்பள நல்லா எடுபடறா. அவளுக்கு ஒரு காதலனை வெச்சுடு" என்றார். அவளிடமே சொன்னார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"நௌசந்தி மேளா வருதுல்ல லாலாஜி? அங்க பேசிக்கலாம்" என்றாள் விமலேஷ்.

ஹோலி முடிந்து வரும் நௌசந்தி மேளா என்ற பெரிய சந்தையில் எங்கள் பதிப்பகத்துக்கு ஒரு கொட்டகை உண்டு. ஒரு மாலை மட்டும் குமார் நிஷாந்த் அங்கே வீற்றிருப்பார். முஸ்தகீம் மாஸ்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் லேசாகப் புன்னகைக்க வேண்டும். பேசக் கூடாது என்பது லாலாஜியின் உத்தரவு. அந்த வருடம் கூட்டம் கயிற்றைத் தாண்டி வந்தது. பெண்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒரு தாய் தன் கைக்குழந்தையை அவர் மடியில் வைத்து, இவனுக்குப் படிப்பு வர வேண்டும் என்று ஆசி கேட்டாள்.

"அம்மா, எனக்கே வரல" என்றார் மாஸ்டர்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "அந்தப் பக்கத்துல எழுதின மாதிரியே பேசறார் பாரு!"

"சிரிக்காதீங்க. நான் எழுதல. அதோ கயிறு ஓரம் நிக்கறாங்களே, அந்த அக்காதான் எழுதறாங்க. நான் பேண்டுக்காரன்."

சிரிப்பு இன்னும் கூடியது. விமலேஷ் கயிற்றைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஏறினாள்.

"நான்தான் விமலேஷ். அந்தப் பக்கத்துல இருக்கறது அத்தனையும் நிஜம்."

கைதட்டினார்கள். எந்த நாடகக் கம்பெனி என்று ஒருவன் கேட்டான். முன்வரிசையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுந்தார்.

"இந்தாம்மா, நீ எழுதினேன்னா ஆதாரம் காட்டு."

"அவர்கிட்ட கேட்டீங்களா ஆதாரம்?"

"அவர் போட்டோ இருக்கே!"

"சரி. புத்தகத்துல எதை வேணா கேளுங்க. சொல்றேன்."

"மாதவி வீட்டுப் பியானோ என்ன நிறம்?"

"வெள்ளை. ஒரு கட்டை உடைஞ்சிருக்கும். அவ செத்த பிறகு அந்தக் கட்டையை யாரோ ஒட்டிடுவாங்க. பதினோராம் அத்தியாயம்."

வாத்தியார் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நல்லா நெட்டுருப் போட்டுட்டு வந்திருக்கா!"

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுக்பீர் வந்தான். வெள்ளை ஜிப்பா, கையில் சாமந்தி மாலை, பின்னால் மவானா ஆட்கள். விமலேஷைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு மாலையை மாஸ்டரின் கழுத்தில் போட்டான். புத்தகத்தின் முதல் பக்கத்தை விரித்துப் பேனாவை நீட்டினான்.

"நான்தான் நிஷாந்த்ஜி உங்க சுக்பீர். ஒரு கையெழுத்துப் போடுங்க. இவ்ளோ நல்ல கற்பனை உங்களுக்கு எங்கிருந்து வருது?"

மாஸ்டர் பேனாவை வாங்கி உருதுவில் முஸ்தகீம் என்று தன் பெயரை எழுதிக்கொடுத்தார். எட்டிப் பார்த்த ஒருவன், "ஆஹா, பெரிய மனுஷங்க கையெழுத்தே புரியாது" என்று உருகினான். மாஸ்டர் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். கோட்டையும் கழற்றி, மடித்து, மாலையின் மேல் வைத்தார்.

"உன் கல்யாணத்துக்கு நான்தான்டா வாசிச்சேன். ரெண்டுக்கும். நீ குதிரையில வந்தப்ப முதல் பொண்ணு ஜன்னல்ல நின்னு எங்களைப் பாத்துக் கையாட்டிச்சு. பேண்டுக்காரனைப் பாத்துக் கையாட்டினது அது ஒண்ணுதான். எனக்கு அந்த முகம் ஞாபகம் இருக்கு."

சுக்பீர் புத்தகத்தை மூடினான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், கொட்டகை அமைதியானது. விமலேஷ் கூட்டத்தை முகம் முகமாகப் பார்த்தாள். பிறகு பின்வரிசையில் ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு, "என்ன நடிப்பு, என்ன நடிப்பு!" என்றாள். அத்தனை பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். சுக்பீரும் தட்டினான்.

மாஸ்டர் சட்டையோடு இறங்கிப் போனார். கோட்டு மருமகனிடம் திரும்பிப் போனது. முகம் மட்டும் அட்டையிலேயே தங்கிவிட்டது. அதற்கு அவர் சம்மதம் தேவைப்படவில்லை.

விமலேஷ் அதற்குப் பிறகு லாலாஜிக்கு ஒரு வரி எழுதவில்லை. தன் பெயரிலேயே, தன் படத்தோடு, ஒரு சின்ன அச்சகத்தில் ஒரு நாவல் போட்டாள். பியானோ இல்லாத நாவல். சூளை, சமையலறை, ஸ்டவ், எல்லாம் அதனதன் இடத்தில். கடைக்காரர்கள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. படித்த சில வாசகர்கள் கொதித்துப்போனார்கள். நிஷாந்த்ஜி படைத்த பாத்திரத்தின் பெயரையே திருடி வைத்துக்கொண்டு, அவருடைய நடையையும் காப்பி அடிக்கிறாளே இந்தப் பெண், வெட்கமில்லையா என்று கேட்டார்கள். கோரக்பூரிலிருந்து அந்த அம்மாள் வழக்குப் போடச் சொல்லி லாலாஜிக்கு யோசனை எழுதினாள்.

நாவலை எடுத்துக்கொண்டு விமலேஷ் இன்ஸ்பெக்டரிடமும் போனாள். "கதைக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியாதும்மா" என்றார். அவர் மேசை இழுப்பறையில் 'நெருப்பு சூடிய மணமகள்' பாதி படித்த நிலையில் கவிழ்த்து வைத்திருந்தது.

கிரண்மாலாவில் 'உங்களோடு நான்' பக்கத்தில் விமலேஷ் தொடர்ந்து வந்தாள். ஆயுர்வேதக்காரர் எழுதினார். அந்த விமலேஷ் உதட்டைக் கடித்தாள், வக்கீல்களோடு கண்ணாமூச்சி ஆடினாள், தட்டச்சுப் பொறியில் நகச்சாயம் கொட்டினாள். வாசகர்கள் கொண்டாடினார்கள். நிஜமான விமலேஷ் வேப்பமரத்தடியில் நூல் கட்டிய கண்ணாடியோடு அடுத்தவர் கண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அந்தப் புது நாவல் ஒன்றை நான் கொண்டுபோய்க் காட்டினேன். முதல் பக்கத்தைப் படித்தாள்.

"நகச்சாயமாம்!" என்றாள். சோம்பைத் துப்பினாள். "பாபு, முனேஷை அவங்க ஒரு தடவைதான் கொன்னாங்க."

பொறிகளை எடுத்துவிட்டுக் கணினிகள் வந்த வருடம், விமலேஷ் மேசையைக் கட்டிக்கொண்டு போனாள். பிறகு காய்ச்சலில் இறந்தாள். இறப்புச் செய்தி எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. வந்திருந்தால் அதையும் நிஷாந்த்ஜியின் வேடிக்கை என்றிருப்பார்கள்.

அந்த நாவல்கள் இன்னும் சாகவில்லை. டில்லியில் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில், வட நாட்டு ரயில் நிலையங்களின் மூலைகளில் குவிந்து கிடக்கின்றன. நீங்கள் அந்தப் பக்கம் போனால் குனிந்து 'நெருப்பு சூடிய மணமகள்' இருக்கிறதா என்று தேடுங்கள். எடுப்பான மூக்கும் நரை கலந்த கிருதாவும் உள்ள முகம், இரவல் கோட்டு. கிடைத்ததும் பேனாவை எடுத்துக் குமார் நிஷாந்த் என்ற பெயரை அடியுங்கள். அதன் மேல் விமலேஷ் என்று எழுதுங்கள், உங்களுக்குத் தெரிந்த மொழியில். முதல் பக்கத்தில் முனேஷ் என்ற பெயருக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். கடைக்காரர் ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லுங்கள், அவர் சிரித்தால் மறுபடியும் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை எடுத்த இடத்திலேயே, முகம் கீழே போகும்படி, வைத்துவிட்டு வாருங்கள்.